சித்தி கோத்த மாலையில் ஒரு முத்து குறைகிறதாம்

கடலில் உள்ள சிப்பிகள் எல்லாம் முத்து வைப்பதற்கு முன்னால் சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கின்றன. உருண்டையாக வேண்டுமா, கொஞ்சம் நீளவாக்கில் இருந்தால் பரவாயில்லையா என்று. ஒரு தடவை மிகப் பெரிய முத்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டினவாம். சித்தி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல புள்ளி இருக்கு, வேணாம்" என்று தள்ளிவிட்டார். அதுதான் இப்போது நிலா என்ற பெயரில் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம்பாதவர்கள் நகைக்கடையின் பின்பக்க அறைக்கு வந்து பார்க்கலாம். கதவைத் திறந்தால் மேசை இடிக்கும், மேசையைத் தாண்டினால் சுவர் இடிக்கும். நடுவில் உள்ள சந்தில் உட்கார்ந்து சித்தி முத்து கோக்கிறார். ஒரு முத்து, ஒரு முடிச்சு, மறுபடி ஒரு முத்து. நூல் அறுந்தாலும் ஒன்றுதான் கீழே விழும், மற்றவை முடிச்சைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடும். ஒன்றோடொன்று உரசித் தேயவும் தேயாது. கடையில் அவருக்கு 'முடிச்சு' என்றே பெயர் விழுந்துவிட்டது. சித்தப்பாவும் வீட்டில் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரே ஒரு தடவை.

கையில் நூல் இருக்கும்வரை சித்தி ஆடாமல் அசையாமல் இருப்பார். நூலைக் கீழே வைத்தால் போச்சு. எழுந்து நிற்பார், உட்காருவார், அலமாரியைத் திறப்பார், எதற்குத் திறந்தோம் என்று அலமாரியையே கேட்பார். பேருந்து வரும்வரை ஓரிடத்தில் நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்துபோய், அங்கே போய்ச் சேரும்போது பேருந்தைத் தவறவிடுவது அவருடைய தினசரிப் பழக்கம்.

முத்து வாங்க வருகிறவர்களை முதலாளி சில சமயம் சித்தியிடம் அனுப்புவார். சித்தி அவர்களை மாலையும் கையுமாக வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவார்.

"பகல் வெளிச்சத்துல பாருங்கம்மா. கடை விளக்குக்குக் கீழ நான்கூடத்தான் அழகா இருப்பேன்."

"பளபளன்னு இருந்தாப் போதுமா?"

"தகரம்கூடப் பளபளக்கும். இது உள்ளேருந்து மினுங்கணும். உங்க மூஞ்சி அதுல தெரியணும்."

ஒருத்தர், வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா என்று கேட்டார். "ஊறவைக்க அது என்ன பயறா?" என்றார் சித்தி. "சென்ட்டு, பவுடர் எல்லாம் போட்டு முடிச்சப்புறம் கடைசியா முத்தைப் போடுங்க. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அதைக் கழட்டுங்க. மெல்லிசுத் துணியால துடைச்சு வைங்க. ஆனா பூட்டியே வைக்காதீங்க, பாவம். கழுத்துல கிடந்தாத்தான் அதுக்கு உயிர்."

சித்திக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பழைய மாலை கோக்க வந்தால், நூலை வெட்டுவதற்கு முன்னால் கொண்டுவந்தவரின் எதிரிலேயே முத்துகளை எண்ணி, எத்தனை என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பார். முதலாளியின் மனைவியானாலும் விடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரே ஒருத்தரிடம் மட்டும் எண்ணாமல் விட்டார். அந்த ஒருத்தர் சித்தப்பாவின் அக்கா.

நாத்தனாரை உட்காரவைத்து, "எண்ணுங்க அண்ணி" என்று எப்படிச் சொல்வது? 'என்னைச் சந்தேகப்படறியா' என்று அவர் கேட்டுவிட்டால்? ஏற்கெனவே அந்த அம்மாளுக்குச் சித்தியின் சமையல், துணி மடிக்கும் விதம், சிரிப்பு ஆகியவற்றில் திருப்தி கிடையாது. எனவே சித்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி மாலையை வாங்கிக்கொண்டார். கோத்து, துடைத்து, சித்தப்பாவிடமே கொடுத்தனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார். எப்போதும்போலக் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப். கையில் நகைப்பெட்டி. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஒரு முத்து குறையுது."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"பெட்டிக்குள்ள பள்ளத்துல வச்சா ரெண்டு முனையும் தொட்டுக்கிட்டுக் கிடக்கும். இப்பப் பாரு, நடுவுல இடைவெளி. சரியா ஒரு முத்து அளவு."

"அது பழைய நூல் அண்ணி. வருஷக்கணக்காப் போட்டா நூல் இழுபட்டு நீண்டுரும். புது நூல்ல கோத்தா கொஞ்சம் சின்னதாத்தான் தெரியும்."

"நூல் நீளுமா? நல்லாருக்கே கதை! நாளைக்கு ஆஃபீஸ்ல எனக்கு வழியனுப்பு விழா. அதுக்குத்தானே கோக்கக் குடுத்தேன்."

"ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"குறைமாலையை நான் கழுத்துல போடமாட்டேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். அதுதான் இன்னும் மோசம். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எங்க வச்சியோ, எடுத்துக் குடுத்துரு. விழாவுக்கு உங்க முதலாளியையும் கூப்பிட்டிருக்கேன். அவர் என் கழுத்தைப் பார்த்து, மாலை எங்கன்னு கேட்டா, என்னால பொய் சொல்ல முடியாது."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். "நீ சொல்றதும் சரிதான், அக்கா சொல்றதும் சரிதான்" என்று அவர் திருவாய் மலர்ந்தபோது இரண்டு பெண்களும் ஒரே மாதிரி முறைத்தார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பெட்டி மேசைமேல் இருந்தது. நாத்தனார் போய்விட்டார். முத்து கோக்கிறவரின் கை சுத்தமில்லை என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும், அப்புறம் ஒரு பாசிமணியைக்கூட யாரும் நம்பித் தரமாட்டார்கள். முதலாளி நல்லவர். திட்டமாட்டார். "உடம்பைப் பார்த்துக்கம்மா, கொஞ்ச நாள் ஓய்வெடு" என்பார். அந்த ஓய்வு முடியவே முடியாது.

நூல் நீளும். அது சித்திக்கு நூற்றுக்கு நூறு தெரியும். ஆனாலும் எண்ணவில்லையே! எண்ணாதவருக்கு எதுதான் உறுதி? ஒருவேளை உருண்டு ஓடியிருந்தால்? செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். மேசைக்கடியில் தவழ்ந்தார். கால்மிதியை உதறினார். தூசி உறிஞ்சும் கருவியின் பையைப் பிரித்துக் கொட்டி, அதிலிருந்த குப்பையை விரல்விட்டுக் கலைத்தார். இரண்டு பொத்தான், ஒரு பாதி மாத்திரை, முதலாளி தொலைந்துபோனதாகச் சொன்ன பேனா மூடி. முத்து இல்லை. தன் செருப்பின் அடிப்பக்கத்து வரிப்பள்ளங்களைக்கூட ஊசியால் குத்திப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடம் மன்னிப்பும் கேட்டார்.

விடிந்தும் விடியாமலும் ஜன்னலோரம் வெள்ளைத் துணியை விரித்தார். தன் காதிலிருந்து தொங்கட்டானைக் கழற்றினார். அதில் ஆடிக்கொண்டிருந்த முத்து முழுத் துளை போட்டது, கோக்கத் தோதானது. கம்பியை நிமிர்த்தி உருவி, நாத்தனாரின் மாலைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த மாலை கழுத்துச் சூட்டில் கிடந்து கிடந்து பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. சித்தியின் முத்து புதுப் பல் மாதிரி வெளேரென்று இளித்தது.

கொக்கிக்குப் பக்கத்தில், பிடரிப்பக்கம் போட்டால் முடி மறைத்துக்கொள்ளும். கத்திரியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இதைச் சேர்த்தால், 'ஆமாம், நான்தான் எடுத்தேன்' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். சேர்க்காவிட்டால் சாயங்காலம் முதலாளி கேள்விப்படுவார். வெட்டினார். கோத்தார். அவர் வாழ்க்கையிலேயே இரண்டு தடவை அவிழ்த்துப் போட்ட முடிச்சு அதுதான்.

நாத்தனார் வீட்டு மாடியில் உள்ளறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சித்தி பெட்டியை நீட்டினார். நாத்தனார் மாலையைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு முனையும் தொட்டன.

"இருந்துச்சுல்ல?" என்றார்.

சித்தி பெட்டியின் மூடியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"சரி, கொக்கியை மாட்டிவிடு. எனக்குக் கை பின்னால போகல." கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கொஞ்சம் தயங்கிவிட்டு, ஸ்கார்ஃபை அவிழ்த்தார்.

தொண்டைக்குழிக்கு மேலே குறுக்காக ஒரு தழும்பு. மெல்லியது, பழையது, கழுத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை சிரிக்கிற மாதிரி வளைந்தது. இத்தனை வருஷ உறவில் சித்தி அதைப் பார்த்ததே இல்லை. பார்க்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு கொக்கியை மாட்டினார்.

மாலை தழும்புக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. தழும்பு முத்துகளுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

நாத்தனார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுத்து ஆபரேஷன் ஆனதும் முதல் வேலையா இதைத்தான் வாங்கினேன். கடையில ஒவ்வொண்ணா வச்சுப் பார்த்து, சரியா இதை மறைக்கிற மாதிரி எடுத்தேன். முதல்ல நல்லாத்தான் மறைச்சுச்சு. வரவரக் கீழ இறங்கிருச்சு. வயசாகிக் கழுத்து மெலிஞ்சு போச்சுன்னு நெனச்சு இந்தத் துணியைச் சுத்த ஆரம்பிச்சேன்."

சித்தியின் விரல்கள் பரபரத்தன. "அண்ணி, கொஞ்சம் ஆடாம இருங்க."

"என்ன பண்றே?"

"ஆடாதீங்கன்னேன்!" நாத்தனாரிடம் சித்தி குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. மாலையைக் கழற்றி, பையிலிருந்து கத்திரியும் நூலும் எடுத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அந்த வெளேர் முத்தை வெட்டி எடுத்தார். கொக்கியை மறுபடி கட்டினார். இந்தத் தடவை முதல் முடிச்சே நின்றது. மாட்டிவிட்டு விலகி நின்றார்.

மாலை தழும்பின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அளவெடுத்துச் செய்ததுபோல.

"கழுத்து மெலியல அண்ணி. நூல்தான் நீண்டுருச்சு."

நாத்தனார் விரலால் முத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குள்ளேயே சித்தியின் காதுகளைப் பார்த்தார். ஒரு காதில் தொங்கட்டான், மறு காதில் வெறும் துளை.

"நீ எதுக்குடி உன் காதுல இருந்ததை..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எழுந்து, கட்டிலில் கிடந்த முத்தை எடுத்துச் சித்தியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "சாயங்காலம் நீயும் வரணும். ரெண்டு காதுலயும் போட்டுக்கிட்டு வா. உங்க முதலாளிகிட்ட நான் பேசணும். பயப்படாதே, நல்லதாத்தான்."

ஸ்கார்ஃப் நாற்காலி முதுகிலேயே கிடந்தது.

இவ்வளவையும் எழுதிச் சித்தியிடம் படித்துக் காட்டியபோது, சிரிக்கவேண்டிய இடத்தில் எல்லாம் அவர் ஒழுங்காகச் சிரித்தார். கண்ணாடி வந்த இடத்தில் மட்டும் அவர் கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது.

"ஏய், இரு. அந்த ரூம்ல நானும் அண்ணியும் மட்டும்தானே இருந்தோம்?"

அடுத்த பக்கம் அவசரமாகப் புரண்டது.

"உன்னைக் கீழ ஸ்கூட்டர்கிட்டயே நில்லுன்னு சொல்லிட்டுத்தானே மேல போனேன்?"

"நின்னேனே சித்தி."

"கிழிச்சே! மாடியேறி வந்து கதவுக்குப் பின்னால நின்னிருக்கே." சித்தி ஊசியை மேசைமேல் வைத்தார். "யாரோ மூக்கை உறிஞ்சின சத்தம் கேட்டுச்சு. பாவம், அண்ணிதான் அழுதாங்கன்னு இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்."