பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

ஆரல்வாய்மொழியில் பேருந்து நின்றிருந்தபோது போன் வந்தது. எட்வின் போய்விட்டான். காற்றிரைச்சலில் கேட்கவில்லை என்று மறுபடியும் சொல்லச் சொன்னேன், நன்றாகவே கேட்டிருந்தது. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கணினிப் பிரிவில் நாங்கள் பக்கத்து நாற்காலிக்காரர்கள். அவனுடைய நிதானம் எனக்கு எரிச்சல். மெயில் சர்வரில் ஒருவர் ஒரு பெட்டியைத் திறந்தால், அதே நேரம் இன்னொருவர் கை வைக்காமலிருக்க ஒரு பூட்டுக் கோப்பு உருவாகும். சில சமயம் ஆள் போன பிறகும் அது கிடக்கும். நான் கண்டதும் அழிப்பேன். அவனோ, "பூட்டு கெடந்தா முதல்ல உள்ள ஆளு உண்டான்னு பாரு மக்கா" என்பான்.

ஒருநாள் காலை, ஆய்வக உதவியாளர் வேலைக்கான விண்ணப்பங்கள் வரும் பெட்டி திறக்கவில்லை. அழிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டான். உள்ளே ஆள் இருந்தார். அலுவலக அக்கா, முந்தின நாள் ஐந்து மணிக் கெடு முடிந்தபின் வந்த விண்ணப்பங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். பூட்டு அப்போதுதான் உருவாகியிருந்தது. சர்வர் அதற்குப் போட்டிருந்த நேரம் 10.41. எட்வினின் போனில் 10.31. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

பூதப்பாண்டி பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று நாங்கள் பத்து நிமிடம் முந்தி வைத்திருந்த கடிகாரம் அது. மின்சாரம் போய் வந்து சர்வரின் நேரம் தவறியபோது, அதைப் பார்த்துத்தான் நான் சரிசெய்திருந்தேன். பெரிய கெட்டிக்காரன்! தேங்காய்ப்பட்டணத்துப் பெண் ஒருத்தியின் விண்ணப்பம் 5.06 என்று தள்ளப்பட்டிருந்தது. உண்மையில் அது வந்தது 4.56க்கு.

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு புகார் போதும். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் எட்வின் முதல்வர் அறைக்குள் போய்விட்டான்.

"நேரத்த நான்தான் தப்பா வச்சேன் சார். அந்தப் பிள்ளைக்க அப்ளிகேஷன் நேரத்துக்கே வந்துட்டு."

வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "ஒரு மெமோதானே மக்கா. நீ போய் சாயா வாங்கிட்டு வா."

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. பல வருடம் கழித்து, பிரிவின் பொறுப்பாளர் பதவியை அந்த மெமோவைக் காட்டி அவனைத் தாண்டி எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் பழைய முதல்வர், "எட்வின் இத்தன வருசத்துல ஒரே ஒரு தப்புதான் செஞ்சான்" என்று இந்தக் கதையைத்தான் சொன்னார். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தீர்கள். வெட்கம், நானும் சிரித்தேன்.

அன்று அங்கே இருந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். எட்வின் அந்த ஒரு தப்பைக்கூடச் செய்யவில்லை. அது என்னுடையது. அவனிடமிருந்து அதை வாங்கி வைத்துக்கொள்கிறேன். அவன் வீட்டிலும் இன்று போய்ச் சொல்லிவிடுவேன்.