வார்டு வாஷ்பேசினில் முருங்கைக்காய்ச் சக்கை

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பார்க்க வந்தவர்களால் மதுரை ஆஸ்பத்திரி வார்டு பிதுங்கியது. வாஷ்பேசினில் அழுக்குத் தண்ணீர் ததும்பி நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் கத்தினேன்.

“இம்புட்டுப் பேரு வர்ற எடத்த இப்படியா வச்சிருப்பீக?”

அவர் அடைப்புக்குள் கையை விட்டார். சோற்றோடு முருங்கைக்காய்ச் சக்கை வந்தது.

“காலையிலருந்து மூணாவது தடவ தம்பி. நர்சம்மா இங்க கை கழுவிட்டுத்தான் புண்ணுக்குக் கட்டு மாத்தணும். இதுல வந்து தூக்குச்சட்டியக் கழுவுறாகளே, இவுகள என்ன சொல்ல?”

அடுத்துக் கட்டு மாற்ற வேண்டியது என் அப்பாவுக்கு. சற்றுமுன் அதில் சாம்பார்த் தூக்குச்சட்டியைக் கழுவியவன் நான்.

இன்று நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது. ‘நான்தான்க்கா’ என்று சொல்ல வாய் வரவில்லை. கத்துவதற்கு மட்டும் எவ்வளவு பெரிய வாய்!