ஒரு இடம் கிடைக்குமா, மேடம்?

என் மாமா என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டுவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கலவரமே நடக்கும்.

"காலேஜ்லதான் இருக்கான்" என்று அம்மா ஆரம்பிப்பாள். மாமா அவளுக்குத் தம்பி, எங்களோடுதான் இருக்கிறார்.

"ஓ, புரொபசரா?"

"இல்ல."

"அப்போ ஆபீஸ்ல கிளார்க்கா?"

"அதுவும் இல்ல. பசங்க எதைப் படிக்கணும்னு யோசனை சொல்ற வேலை."

"அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? எங்க வீட்டுல நாங்க சும்மாவே சொல்றோமே!"

இந்த இடத்தில் அம்மா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மிச்சத்தை நான்தான் விளக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. கல்லூரி வாசலை நான் மிதித்ததே இல்லை. அந்த வேலையை நான் விளக்குவதைக் கேட்டு வந்தவர்கள் இன்னும் குழம்பிப் போவார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியில் இலக்கியம், வரலாறு, தத்துவம், உளவியல், ஓவியம் என்று எதையும் எதனோடும் கலந்து படிக்கலாம். முதல் இரண்டு வருடம் எல்லாவற்றிலும் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்க்கலாம். அப்புறம் ஒன்றை முக்கியப் பாடமாகப் பிடித்தாக வேண்டும். அங்கேதான் பிள்ளைகளுக்கு வியர்க்கும். அப்படி வியர்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் என் மாமா. கதவில் "கல்வி ஆலோசகர்" என்று பலகை. உள்ளே இரண்டு நாற்காலி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல், பிள்ளைகள் பக்கமாகத் தள்ளிவைத்த ஒரு டிஷ்யூ பெட்டி. கடிகாரத்தை மட்டும் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாராம். அழுகிற பிள்ளை மணி பார்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எந்த கிளாஸ்ல நீ மணி பார்க்க மறந்து போற?"

ஒரு பையன் பொருளாதாரம் எடுக்கப் போகிறேன் என்று வந்தானாம்.

"ஏன்ப்பா?"

"அப்பா சொன்னாரு சார்."

"சரி, அப்பா என்னைக்கு கிளாஸுக்கு வர்றாரு? அவருக்கும் சேர்த்து நாற்காலி போடச் சொல்லணும்ல?"

பையன் சிரித்தானாம். அப்புறம் டிஷ்யூ பெட்டியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டானாம்.

இந்த வேலையில் ஒரு கஷ்டம் உண்டு. குழம்பின பிள்ளைதான் மாமாவிடம் வரும். தெளிந்த பிள்ளைக்கு அவரிடம் என்ன வேலை? தூரத்திலிருந்து கையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மாமா நாற்பதைத் தொடப் போகிறார். கல்யாணம் ஆகவில்லை. அடுத்தவர் வாழ்க்கைக்கு மட்டும் வழி சொல்லத் தெரிந்தவன் என்று அம்மா குத்திக் காட்டுவாள். அவர் சிரித்தபடி சாப்பிடுவார்.

ஆனால் பதிவு வாரம் என்று ஒன்று வரும். அடுத்த பருவத்துக்கான வகுப்புகளில் பிள்ளைகள் இடம் பிடிக்கிற வாரம். அந்த வாரம் மட்டும் மாமா வேறு ஆள்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வரைபட அறை இருக்கிறது. பழைய வரைபடங்களை விரிக்க அங்கே ஒரே ஒரு நீள மேசை. அதைச் சுற்றி எத்தனை பேர் நிற்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் 'வரைபடங்களின் வரலாறு' வகுப்பில் இடம். ஆரம்பித்த உடனே நிறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் ஆலோசகர் ஆசிரியைக்கு நேரில் போன் போட்டுக் கேட்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

அந்த ஆசிரியைக்கு நான் வைத்த பெயர் மேப் மேடம்.

பதிவு வாரத்தில் மாமா சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை விரித்துவிடுவார். இரண்டு கையும் தட்டச்சில் இருப்பதால் போன் ஸ்பீக்கரில் கிடக்கும். ஒட்டுக்கேட்டேன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

"ஒரு இடம் கிடைக்குமா, மேடம்?"

"வணக்கம்கூடச் சொல்லாம இடம் கேக்கற ஆள் நீங்க ஒருத்தர்தான் சார். இந்தத் தடவை யாரு, தொலைஞ்சு போன பிள்ளையா?"

"தொலையல மேடம். வழி தேடிக்கிட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். அனுப்பி வைங்க, மேசையோரம் ஒண்டிக்கட்டும்."

பின்னால் ஒரு பூனை கத்தும். மேடம் அதை அதட்டுவார். மாமா வேலையே இல்லாமல் கம்ப்யூட்டரில் டக்டக்கென்று எதையோ தட்டிக்கொண்டிருப்பார். மாணவன் விஷயம் முடிந்த பிறகும், அந்த வகுப்பில் இப்போது எந்த வரைபடம் ஓடுகிறது என்று ஒரு கேள்வி போடுவார். கடல் தெரியாதவர்கள் வரைந்த கடல், யாரும் போகாத தீவு, அளவு தப்பிய ஆறு என்று மேடம் சொல்லிக்கொண்டே போவார். போன் வைத்த பிறகு மாமா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சுவரில் ஒன்றும் கிடையாது. நான் பார்த்துவிட்டேன்.

நேரில்? வருடாந்தரக் கூட்டத்தில் மேடத்துக்கு இரண்டு வரிசை பின்னால் மாமா உட்காருவாராம். அவ்வளவுதான்.

நான் சும்மா இருப்பேனா? அவர் போனில் மேப் மேடம் எண்ணுக்கு மட்டும் ஆம்புலன்ஸ் சைரனை வைத்துவிட்டேன். மேடம் திரும்பக் கூப்பிட்டு முதல் தடவை அது அலறியபோது மாமா தட்டோடு எழுந்து நின்றார். அம்மா வாசலுக்கு ஓடினாள்.

"உன் வேலைதானேடி வாலு?"

"அவசரம்னா சைரன்தானேம்மா!"

மாமா என் காதைத் திருகினார். ஆனால் சைரனை மாற்றவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அந்தக் குரலுக்காக அவர் பிள்ளைகளை அங்கே தள்ளிவிடவில்லை. ஒருத்தி வந்து, "ஏதாவது ஈஸியான கிளாஸ் போட்டு விடுங்க சார், மேப் கிளாஸ்கூட ஓகே" என்றாளாம். அந்த வாரம் அதுவரை மேடத்துக்குப் போன் போட மாமாவுக்கு வேறு காரணமே கிடைக்கவில்லை. அவளுக்கு நாட்டியம் பிடிக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை. மாமா கவனிக்கவே இல்லை.

அப்புறம்தான் புதுத் திட்டம் வந்தது. இனி யாரும் யாருக்கும் போன் போட வேண்டாம். வகுப்பு நிறைந்துவிட்டால் பிள்ளைகளே கம்ப்யூட்டரில் காத்திருப்போர் வரிசையில் பெயர் போடலாம். இடம் காலியானால் அதுவே அடுத்த ஆளைச் சேர்த்துவிடும். எல்லோருக்கும் வேலை மிச்சம். கல்லூரியில் கேக் வெட்டிக் கொண்டாடினார்களாம். மாமா கேக்கை டிஷ்யூவில் சுற்றி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நல்ல திட்டம்தான்" என்றார். "பசங்களுக்கு ரொம்ப வசதி."

அந்தப் பதிவு வாரம் எங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வரவில்லை.

மாமா வழக்கம்போல மேசையில் கம்ப்யூட்டரை விரித்தார். போனைப் பக்கத்தில் வைத்தார். அது பல்லி மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு தடவை கையில் எடுத்து, எண்ணைத் தேடிப் பிடித்து, "மேடம், சும்மாதான்..." என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அந்த 'சும்மா' அவருக்கே பிடிக்கவில்லை போல. வைத்துவிட்டார். வேறு போனிலிருந்து அந்த சைரனை அலறவிடலாமா என்று என் கை துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"பேசணும்னா பேசேன்டா" என்றாள் அம்மா, சமையல்கட்டிலிருந்தே.

"என்னன்னு பேசறதுக்கா? கேக்கறதுக்கு ஒரு பிள்ளை வேணுமே."

வேலை முடிந்தும் கம்ப்யூட்டரை மூடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்றைத் தட்டினார். டப்பென்று மூடினார்.

மறுநாள் சாயங்காலம் சைரன் அலறியது. அம்மா கரண்டியோடு வந்து நின்று என்னை முறைத்தாள். சத்தியமாக நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மாமா பழக்கத்தில் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சார், என் கிளாஸ் காத்திருப்போர் வரிசையில உங்க பேரு இருக்கு" என்றார் மேப் மேடம். "கம்ப்யூட்டர் ஏதாவது தப்பு பண்ணிடுச்சா?"

அங்கே வேலை பார்ப்பவர்களும் பருவத்துக்கு ஒரு வகுப்பில் உட்காரலாம் என்று ஒரு சலுகை உண்டாம். இத்தனை வருடத்தில் மாமா அதைத் தொட்டதே இல்லை. இப்போது "ஆமா மேடம், தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். மூடினார். அம்மாவின் கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது.

"தப்பு இல்ல மேடம். நான்தான் போட்டேன்."

"எந்தப் பிள்ளைக்காக?"

"பிள்ளைக்கு இல்ல. எனக்கு."

பூனை கத்தியது. இந்தத் தடவை மேடம் அதை அதட்டவில்லை.

"கிளாஸ் நிறைஞ்சிடுச்சே, சார்."

"தெரியும்."

"இப்படி இடம் கிடைக்காத பசங்ககிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

"முதல் நாள் கிளாஸ் வாசல்ல போய் நில்லுன்னு சொல்லுவேன். யாராவது வராம போவாங்க."

"எல்லாருமே வந்துட்டா?"

"அடுத்த கிளாஸுக்கும் போய் நில்லுன்னு சொல்லுவேன்."

நான் போன் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன்.

"அப்போ வந்து நில்லுங்க" என்றார் மேப் மேடம். "பென்சில் கொண்டு வாங்க. அந்த அறையில பேனாவுக்கு அனுமதி இல்ல."

பருவம் தொடங்கிய நாளில் மாமா நீலச் சட்டை போட்டுக்கொண்டார். அதை அம்மா இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். சட்டைப் பையில் ஒரு பென்சில். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை மாதிரி வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "மாமா, அழாம போயிட்டு வாங்க" என்றேன். செருப்பை எடுத்து ஓங்கினார், எறியவில்லை.

சாயங்காலம் அவர் வருவதற்காக நானும் அம்மாவும் வேலையே இல்லாமல் வாசலறையில் உட்கார்ந்திருந்தோம்.

"இடம் கிடைச்சுதாடா?"

மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்தார். "இல்லக்கா. எல்லாரும் வந்துட்டாங்க."

"ஒருத்தர்கூடவா மட்டம் போடல?"

"பாதிப் பேர் நான் சொல்லி அனுப்பின பசங்க. கிளாஸுக்கு மட்டம் போடாதீங்கன்னு நான்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி அனுப்பியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"அப்போ திரும்பி வந்துட்டீங்களா?"

"எங்க வந்தேன்? கிளாஸ் முடியற வரைக்கும் வெளியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன்." காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "கதவை மட்டும் அவங்க சாத்தல. உள்ள விரிச்சிருந்த வரைபடத்துல ஒரு மூலை தெரிஞ்சுது. ஏதோ கடல்."

அம்மா அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல் போடப் போனாள். மாமா என்னைப் பார்த்தார்.

"வாலு, உங்கிட்ட பழைய ஸ்கூல் பை இருக்குமே. அதுல ஷார்ப்னர் இருக்கா பாரு."

"பென்சில்லதான் இன்னும் எழுதவே இல்லையே மாமா?"

"வியாழக்கிழமை மறுபடியும் கிளாஸ் இருக்கு" என்றார்.