கிராஞ்சியில் ஊதிய வெண்கலக் குழல்

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் பழைய ஓட்டல் ஒன்றின் முற்றத்தில் சில வெண்கலச் சிலைகள் இருந்தன. எல்லாம் இசைக் கலைஞர்கள். பர்மியப் பெண் ஒருத்தி மடியில் வளைந்த யாழை வைத்திருப்பாள். மலாய்க்காரர் ஒருவர் மார்போடு பறையை அணைத்திருப்பார். லாவோஸ்காரர் ஒருவர் ஆளுயர மூங்கில் குழல்களைக் கற்றையாகக் கட்டிய ஊதுகருவியை உதட்டில் வைத்துக் கண் மூடியிருப்பார். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் திரும்புவேன். அவை எனக்கு ஓட்டல் அலங்காரம், அவ்வளவுதான்.

ஓட்டலைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, கிராஞ்சியில் செடிப்பண்ணை வைத்திருக்கும் சீன அம்மா ஒருவர் சிலைகளை வாங்கினார். கனமான பொருள்களை இடம் மாற்றும் கம்பெனியில் நான் மேற்பார்வையாளர். வேலை எங்களிடம் வந்தது.

பண்ணையில் ஒவ்வொன்றாக இறக்கினோம். கிரேன் ஓட்டியவர் மலாய்க்காரர். எங்களுக்கெல்லாம் அவர் பாச்சிக், மலாயில் மாமா. சிலைகளுக்குத் தூக்கும் பெல்ட் கட்டியது புதுக்கோட்டைக்காரர் ஒருவரும் அவருடைய ஆட்களும். லாவோஸ்காரர் சிலைதான் கடைசி. அவர் லாரியிலிருந்து மேலே எழும்பியதும் வானம் சட்டென்று கறுத்தது. கடல் பக்கமிருந்து காற்று கிளம்பி, நாற்றுகளின் மேலிருந்த வலையைப் படபடவென்று அடித்தது.

"இறக்கிடலாம் பாச்சிக், மெதுவா!" என்று மலாயில் கத்திக் கையைத் தாழ்த்திக் காட்டினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் தாழ்ந்த ஒற்றை முனகல். பிறகு அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மெல்லியதாக ஒன்று.

"யாருடா ஊதுறது?" என்றார் புதுக்கோட்டைக்காரர்.

யாரும் ஊதவில்லை. அண்ணாந்து பார்த்தேன். அந்தக் குழல்களைச் செய்தவர் உள்ளே கெட்டியாக வார்க்கவில்லை. அத்தனையும் துளையோடு விட்டிருக்கிறார். முற்றத்தின் நாலு சுவருக்குள் எட்டாத காற்று இப்போது அவற்றின் வாயில் பட்டுக்கொண்டிருந்தது. சிலை பெல்ட்டில் மெல்லத் திரும்பத் திரும்ப ஒலி ஏறியது, இறங்கியது. கண்மூடிய அந்த முகம் ஆகாயத்தில் மிதந்தபடி வாசித்தது. தாழ்த்திய கையை அப்படியே வைத்திருந்தேன். பாச்சிக் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார். கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் அறியாமலே தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பீடம் தரையைத் தொட்டது. குளத்தோரம், தாழ்வான இடம். சத்தம் நின்றது. உடனே மழை கொட்டியது.

பண்ணைக்கார அம்மா ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தார். "ரேடியோவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சிலையைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் போய் ஈரக் குழலின் வாயில் காதை வைத்தார். காற்று கொஞ்சம் வந்திருக்க வேண்டும். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார்.

"குளத்தோரம் வேணாம், மேட்டுல வைங்க லா," என்று புதுக்கோட்டைக்காரர் தமிழிலேயே சொன்னார். கை காட்டியதில் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மழை விட்டதும் மறுபடி தூக்கி, மரம் இல்லாத மேட்டில், கடல் பக்கம் பார்த்து நிறுத்தினோம். வேலை கணக்குக்கு மேல் நேரம் எடுத்தது, யாரும் முணுமுணுக்கவில்லை.

திரும்பும்போது புதுக்கோட்டைக்காரர் முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிலை ஊதியதைக் கைபேசியில் எடுத்த வீடியோவை ஊரிலிருக்கும் மனைவிக்கு அனுப்பிவிட்டு ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

"ஒண்ணும் கேக்கலியே, இரைச்சலாத்தான் இருக்கு," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"அதுல கேக்காது. இரு, நானே சொல்றேன்."

கண்ணை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில் அந்த முனகலை எடுத்தார். சுருதி சேரவில்லை. மறுபடி எடுத்தார். லாரி ஓட்டுநர் கை நீட்டி ரேடியோவில் ஓடிய பாட்டை அணைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் மனைவி.