கம்பளி போர்த்திய லேப்டாப்

"ஏனுங்க, அடுப்புல ஏதாச்சும் வெச்சீங்களா? தீயற வாசம் வருதுங்களே" என்று உள்ளிருந்து கேட்டாள் மனைவி. அடுப்பில் ஒன்றுமில்லை. கொல்லங்கோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் லேப்டாப்தான் புது இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கியது. புது லேப்டாப் வாங்கியவன் என்ற பெயரை இந்த வயதுவரை நான் எடுத்ததில்லை.

சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், இப்போது குடியிருக்கும் நல்லேப்பிள்ளியின் வெயிலில் உட்கார்ந்திருந்த எனக்குக் குளிர ஆரம்பித்தது. காரணம் இருக்கிறது.

அப்போது மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. அங்கே லேப்டாப் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். கிடைக்கிற மரியாதையை நாமே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

பக்கத்து வீட்டு அருளம்மாக்கா மகள் ஜெயராணிக்குத் துபாய் மாப்பிள்ளை அமைந்திருந்தது. மறுநாள் ஞாயிறு, மாதா கோயிலில் முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சாமியார் அறிவிப்பதுதான் ஓலை. அதை வாசித்த பிறகு பின்வாங்கினால் குடும்பம் தலைகாட்ட முடியாது. சனிக்கிழமை, பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த ஜெயராணி வாசலிலேயே சொன்னாள்: "போட்டோவப் பாத்தெல்லாம் சம்மதம் சொல்ல மாட்டேம்மா. மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த பேசணும். இல்லன்னா ஓலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி எங்கள் மலைக்கு வந்திராத காலம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் லேப்டாப்பின் பழைய இயங்குதளமோ வீடியோ என்றாலே முரண்டு பிடிக்கும். மூணாறு பஜாரில் வாங்கி, பயத்தில் உறை பிரிக்காமல் வைத்திருந்த புது இயங்குதளக் குறுந்தகட்டை அன்று உள்ளே தள்ளினேன்.

லயமே வந்துவிட்டது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ரோட்டில் நின்றார்கள். திரையில் சதவீதம் ஏற ஏறச் செய்தி வெளியே போயிற்று.

"இருபது ஆயிட்டாம்லே!"

"இப்ப நாப்பது!"

ரோட்டில் போன ஜீப்காரர் வண்டியை நிறுத்தி, "எத்தன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

எண்பது தாண்டிய தைரியத்தில் கட்டன்சாயா போடப் போனேன். திரும்பி வந்தால் லேப்டாப்பைக் காணோம். எஸ்டேட் கம்பளி ஒன்று மேஜைமேல் மலைபோல் கிடந்தது.

"பனி எறங்குதுல்லா தம்பி. பச்சப்புள்ள மாதிரி வெடவெடன்னு நடுங்கிச்சு. அதான் போத்தி விட்டேன்" என்றார் அருளம்மாக்கா.

நடுங்கியது உள்ளே சுற்றிய தகடு. கம்பளியை உருவினேன். இதே வாசம். திரை கறுப்பு.

"செத்துப்போச்சாண்ணே?" என்றாள் ஜெயராணி. அவள் கேட்டது லேப்டாப்பைப் பற்றி மட்டுமல்ல.

அந்தக் குளிரில் முறத்தால் ஒரு பொருளுக்கு விசிறினார்கள் என்றால் நீங்கள் நம்ப வேண்டும். "நல்லா விசிறுலே!" என்று யாரோ அதட்டினார். அருளம்மாக்கா ஜெபமாலையை எடுத்தார். நெற்றியில் விபூதியோடு நானும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கம்ப்யூட்டர் அறிவு மொத்தமும் அவ்வளவுதான். பிறகு பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம்! ஆனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் "நூறு!" என்று யாரோ கத்த, ரோட்டில் விசில் பறந்தது. நெட்டுக்காக ஜன்னல் கம்பியில் கட்டிய டாங்கிள் எப்படியோ சிக்னலைப் பிடித்தது. திரையில் வந்த மாப்பிள்ளை, ஒரு பெண்ணை எதிர்பார்த்து ஒரு லயத்தையே கண்டதும், பதறி எழுந்து கும்பிட்டார். கையில் கரண்டி.

"கரண்டி என்னத்துக்கு?" என்றாள் ஜெயராணி.

"சாம்பார் வச்சிருக்கேன். கொதிச்சிட்டிருக்கு."

"அப்ப போய் அடுப்ப அணைச்சிட்டு வாங்க, பேசலாம்."

அவர் ஓடினார். ஜெயராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "எம்மா, ஓலைய வாசிக்கச் சொல்லு."

அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது விடுதி. அறைக்கு அறை நெட் உண்டாம். எத்தனை ஆச்சு என்று கேட்க ஜீப்பை நிறுத்துகிறவர் மட்டும் இல்லை. இங்கேயும் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று நான் ஒருவனே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அடக்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக் கத்திவிட்டேன்: "நூறு!"

உள்ளிருந்து பதில் வந்தது. "என்னங்க நூறு? தேங்காயா?"