ஐந்து வெள்ளிக்கு ஒரு கிள்ளான் பயணம்

பிரிக்பீல்ட்ஸில் நானும் என் கணவரும் சலவைக் கடை திறந்த மூன்றாவது வாரம், எங்கள் மகள் செல்வி சூடான இஸ்திரிப் பெட்டியில் கை வைத்துவிட்டாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது. கடை என்றால் ஒரே ஓர் அறைதான். பகலில் மேசை மேல் நான் துணி தேய்ப்பேன், இரவில் அதே மேசைக்கு அடியில் படுப்போம். கரி அடுப்பு, கஞ்சிப் பானை எல்லாமே குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. செய்தி கேட்டு, ரயிலேறிப் போகும் தூரத்தில் இருந்த கிள்ளான் ஊரிலிருந்து என் அக்கா ஓடிவந்தாள்.

"இங்க வெச்சிருந்தா ஒருநாள் பானைக்குள்ளயே விழுந்துருவா. நான் பாத்துக்கிறேன்டி," என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என்னால் மறுக்க முடியவில்லை.

கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. அதை எடுத்துவிட்டால் செல்வியை அழைத்து வந்துவிடலாம். கட்டடத்துச் சொந்தக்காரரான சீன முதலாளியைத் தவுக்கே என்போம்; அவர் நாற்பது வெள்ளி, அதாவது நாற்பது டாலர், முன்பணம் கேட்டார்.

"நாப்பது சேரட்டும். அதுவரைக்கும் வேற செலவே கூடாது," என்றார் என் கணவர்.

அவர் போடுவது எப்போதும் பெரிய கணக்கு. ஒரு கோட்டைத் துவைத்துத் தேய்த்தால் கிடைப்பது சில காசு. நாற்பது வெள்ளி என்று காதில் விழுந்தாலே எனக்குக் கை ஓய்ந்துவிடும்.

"அஞ்சஞ்சா பிரிச்சுக்கலாங்க. ஒவ்வொரு அஞ்சு சேரும்போதும் கிள்ளான் போய்ப் புள்ளையப் பாத்துட்டு வரலாம்," என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். காலி பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு வைத்தோம்.

ரயில்வே கிளார்க்குகளின் வெள்ளை டிரில் துணிக் கோட்டுகள்தான் எங்கள் பிழைப்பு. மரவள்ளி மாவுக் கஞ்சி போட்டுத் தேய்த்தால் கோட்டு பலகை மாதிரி நிற்க வேண்டும். ஊருக்கெல்லாம் அப்படித் தேய்த்துக் கொடுத்துவிட்டு நாங்கள் கசங்கிய துணியோடு திரிவோம். முதல் ஐந்து வெள்ளி சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் சட்டைக்கும் என் சேலைக்கும் கஞ்சி போட்டேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மனிதர் பெரிய உத்தியோகஸ்தர் போல விறைப்பாக உட்கார்ந்து வந்தார். காலர் கழுத்தை அறுத்தும் பொத்தானைக் கழற்றவில்லை.

இரண்டாவது ஐந்து சேர இரண்டு மாதம் ஆனது. அந்தத் தடவை செல்வி, என் அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு, "அம்மா, அது யாரு?" என்று அவளிடம் கேட்டாள். அக்கா பதறிப்போனாள்.

"நான் பெரியம்மாடி. அதுதான் உன் அம்மா," என்று அவளை என் பக்கம் திருப்பினாள். பிள்ளை நம்பவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

அதற்குப் பிறகு என் இலக்குகள் மளமளவென்று சின்னதாகிவிட்டன. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுத் துணி முதல்முறையாக வந்ததா, கிள்ளான் போக வேண்டும். ஒரு வாரம் முழுக்க எந்த வாடிக்கையாளரும் குறை சொல்லவில்லையா, அதற்கும் கிள்ளான். ஒருமுறை, துவைத்ததில் ஒரு பொத்தான்கூட உடையவில்லை என்று கிளம்பச் சொன்னேன்.

"பொத்தான் உடையாததுக்கெல்லாம் யாராச்சும் ரயிலேறுவாங்களா? டிக்கெட்டுக்கே பாதி போகுது. அப்புறம் அறைய எப்ப எடுக்கிறது?"

"அறை கெடைக்கிறப்ப புள்ள நம்மள யாருன்னு கேட்டா, அந்த அறைய வெச்சு என்னங்க பண்றது?"

 அவர் டிக்கெட் எடுத்தார்.

பிறகு ரப்பர் விலை விழுந்து, ரயிலில் சரக்குப் போக்குவரத்தும் குறைந்தது. கிளார்க்குகள் பலருக்கு வேலை போனது. வேலை தப்பியவர்கள் துணியை வீட்டிலேயே துவைத்துக்கொண்டார்கள். டின்னில் இருந்ததை எடுத்து அரிசி வாங்கினோம். கொண்டாட ஒன்றும் இல்லை, கிள்ளான் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பிள்ளையைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எழுந்து பார்த்தால் அவர் தம் சட்டைக்குத் தாமே கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளாவி வைப்பதிலும் துவைப்பதிலும் கெட்டிக்காரர்; தேய்ப்பு மட்டும் அவருக்கு வரவே வராது. முதுகெல்லாம் கோணல் மடிப்பு.

"என்னங்க விசேஷம்?"

"இந்த வாரம் கரிக்காரருக்குக் கடன் வைக்கல," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அதுவும் நல்ல சேதிதானே? கெளம்பு."

அந்த வாரம் கரி வாங்கும் அளவுக்கு எங்களுக்கு வேலையே வரவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அக்கா வீட்டு வாசலில் செல்வி மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து, வீட்டுக்குள்ளே பார்த்துக் கத்தினாள்.

"பெரியம்மா! அப்பாவும் அம்மாவும் வந்துட்டாங்க!"

அவர் அவளை வாரி எடுத்துக்கொண்டார். மண் கை பட்டுச் சட்டை பாழாய்ப் போனது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அந்த வியாபார மந்தத்தில் வாடகைக்கு ஆள் வராமல் ஊரில் பாதி அறைகள் காலியாகக் கிடந்தன. தவுக்கே தாமே வந்து, "சும்மா பூட்டி வைக்கிறதுக்கு அந்த அறைய நீயே எடுத்துக்கோ லா. முன்பணம் வேணாம், பாதி வாடகை குடு போதும்," என்றார். அடுத்த வாரமே செல்வியை அழைத்து வந்தோம்.

புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் இப்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. கைக்கு எட்டுகிற மாதிரி சின்ன இலக்கு வையுங்கள், எட்டியதும் யாருக்காக உழைக்கிறீர்களோ அவர்களிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள் என்பேன். எங்கள் டின்னில் நாற்பது வெள்ளி ஒருநாளும் சேரவில்லை. சேரட்டும் என்று காத்திருந்தால், அந்தப் பின்னறையில் என் மகள் விருந்தாளியாகத்தான் வந்து படுத்திருப்பாள்.