எட்டாத ஜன்னல்கள்

தையல் டீச்சருக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள். சின்ன வயதில் மனதில் நின்றதெல்லாம் ஒரு பெரிய வீடுதான். நீளமான நடை, வரிசையாகக் கதவுகள், நடுவில் வட்டமாக ஓர் அறை, தூக்கிக் கொஞ்ச நிறைய அத்தைகள், சித்திகள்.

"அது மில் குவார்ட்டர்ஸ்டி" என்பாள் அம்மா. "ஸ்கூல் வயசு வந்ததும் மாமா உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டான்."

அம்மா சில வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தாள். மில்லில் விடவில்லை என்றார்கள். டீச்சரும் துருவிக் கேட்டதில்லை. பதினாறு வயதில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. "இவளுக்கு என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே மெஷினோட கல்யாணம் ஆயிடுச்சு" என்று கணவன் ஊரெல்லாம் சொல்வான்.

பெண்கள் சிறையில் தையல் சொல்லித்தர ஆள் கேட்டார்கள். வாரம் இரண்டு நாள்தானே என்று ஒப்புக்கொண்டாள். முதல் நாள் காலையில் ஒரு பெண் வார்டர் பின்பக்க வாசலில் வந்து நின்று கூட்டிப் போனாள். இரும்புக் கதவில் சின்னதாக ஒரு திட்டிவாசல்.

"தலை பத்திரம் டீச்சர். யாரா இருந்தாலும் குனிஞ்சுதான் வரணும். அதுக்குத்தான் இவ்வளவு தாழ்வா வச்சிருக்காங்க."

உள்ளே ஒரு திருப்பம். வார்டர் வழி சொல்வதற்கு முன்பே டீச்சரின் கால் இடப்பக்கம் திரும்பிவிட்டது. எதிரே நீளமான நடை, வரிசையாகக் கதவுகள். நடுவில் வட்ட அறை.

"அங்க ஒரே ஒரு ஆள் உட்கார்ந்தா போதும், எல்லாக் கதவையும் பார்க்கலாம்" என்றாள் வார்டர்.

டீச்சர் திறந்திருந்த ஓர் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் உத்தரத்தை ஒட்டி, வானம் மட்டும் தெரிகிற மாதிரி இருந்தது. தான் குட்டிப் பெண்ணாக இருந்ததால்தான் ஜன்னல்கள் எட்டவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். இப்போது கையை உயர்த்திப் பார்த்தாள். இன்னும் எட்டவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் தடவை வர்றவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றாள் வார்டர்.

"முதல் தடவை இல்லை" என்று தன் வாய் சொன்னதை டீச்சரே கேட்டாள். பிறகு மெதுவாக, "இங்க குழந்தைங்க இருப்பாங்களா?"

"அம்மாகூட இருக்கலாம். ஸ்கூல் வயசு வந்ததும் வெளிய அனுப்பிடுவாங்க."

அன்று வகுப்பு நடக்கவில்லை. வீட்டில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மில் குவார்ட்டர்ஸுக்குப் போயிட்டு வரேன்மா."

கத்தி நின்றது. அம்மா நிமிரவில்லை.

"உங்கப்பா காய்ச்சல்ல சாகலை" என்றாள். "குடிச்சுட்டு வந்து, தொட்டில்லேர்ந்து உன்னைத் தூக்கிச் சுவத்துல அடிக்கப் போனாரு. என் கையில இரும்புக் குழாய்தான் கிடைச்சுது. ஒரு அடிதான்."

டீச்சருக்கு அழுகை வரவில்லை. தன் பிராணனைக் காப்பாற்றியவளும், அப்பாவைக் கொன்றவளும், எதிரே பீன்ஸோடு உட்கார்ந்திருக்கிற இந்த ஒருத்திதான். எழுந்து போய் மெஷின் முன் உட்கார்ந்தாள். துணி இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தாள்.

பல நாள் அம்மாவோடு பேச்சில்லை. அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு சிறைக்குப் போய் வந்தாள். வகுப்பை விட மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் அம்மாவே வாயைத் திறந்தாள்.

"என்னை ஒரு தடவை அங்க கூட்டிட்டுப் போறியா? உள்ள வேண்டாம். வெளிய நின்னு பார்க்கணும்."

"அத்தனை வருஷம் இருந்தியே, பார்த்ததில்லையா?"

"கொண்டுபோனது மூடின வண்டியில. விட்ட அன்னிக்குத் திரும்பிப் பார்க்காம நடந்துட்டேன்."

இருவரும் பஸ் பிடித்துப் போய் எதிர்ச்சாரியில் நின்றார்கள். முன்பக்கம் டீச்சருக்கும் புதிதுதான். உயரமான வெள்ளைத் தூண்கள், வளைவுகள், அகலமான படிகள், இரண்டு பக்கமும் பூச்செடிகள். தெருவோடு போகிறவர்கள் ஏதோ அரண்மனை என்று நினைத்துக்கொள்ளலாம்.

அம்மா தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இவ்வளவு அழகாவா கட்டியிருக்காங்க?" என்றாள் கடைசியில்.

டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.